நிரலகப் பகுப்பும் தமிழ்த்துறையின் பங்கும்

நூலின் பொருளுக்கு எத்துணைச் சிறப்பு உண்டோ அத்துணைச் சிறப்பு அதன் பகுப்புக்கும் உண்டு என்பது நம் இலக்கண ஆசிரியர்தம் துணிபு. தொல்காப்பியச் செய்யுளியல், நூலுக்குரிய உறுப்புகளாகச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்கினைக் கூறுகிறது. தனி விதி சூத்திரம். ஓரினப் பொருள்களை மணி கோத்தாற்போல முறைப்பட வைத்தது ஓத்து. பல்வேறு இனத்துப் பொருள்களுக்கும் இடந்தருவது படலம். இம்மூன்றையும் தன்னுள் அடக்கி நிற்பது பிண்டம். ஒன்றனுள் ஒன்று அடங்கும் இம்முறையால்தான் ஏறத்தாழ 1,600 நூற்பாக்களைக் கொண்ட அப்பெருநூலை, மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல் என்று ஒரு மாணவன் விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடிகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 5,027 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தேடுவோர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் காண்டம் மூன்றனுள் எது என்று முதலில் தெளிந்து, பின் 92 படலங்களுள் உரியதைக் கண்டு, அதன்பின் பாடலுக்குச் செல்வர். நூல் முழுவதையும் புரட்டுவார் இலர்.

இப்பகுப்புமுறையின் பயனைக் கணினி நிரல் எழுதுவோர், குறிப்பாக ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் எழுதுவோர், முப்பதாண்டுகளாகப் பட்டுப் பட்டுத் தெளிந்திருக்கின்றனர் என்று நாம் கூறினால், பழம்பெருமை பேசப் புகுந்ததாகச் சிலர் கருதக்கூடும். அது நம் நோக்கமன்று. தொல்காப்பியர் கணினியைக் கண்டவர் அல்லர். கண்டார் என மேடைகளில் முழங்குவோரைக் கேட்டு நாணியிருந்த நாள்களும் நமக்கு உண்டு. நாம் சொல்ல வருவது வேறு. ஒரு பெரிய நிரலை எந்த இடத்தில் வெட்டிப் பகுப்பது என்பது வெறும் தொழில்நுட்ப முடிவு அன்று. அது பொருளைப் பற்றிய முடிவு. தமிழைக் கையாளும் நிரலாயின், அம்முடிவு எடுக்கப்படும் இடத்தில் தமிழ் இலக்கணம் கற்றவர் ஒருவர் இருத்தல் வேண்டும். இன்று பெரும்பாலும் அவர் அங்கே இல்லை. நிரல் முடிந்தபின் பிழை திருத்த மட்டுமே அழைக்கப்படுகிறார்; சில போது அதற்கும் அழைக்கப்படுவதில்லை.

கணினித்துறை சாராத வாசகர் பொருட்டுச் சில செய்திகளைச் சொல்லுதல் வேண்டும். இணையப் பக்கங்களை இயங்கச் செய்யும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். பக்கத்தில் சிறு சிறு வேலைகளைச் செய்வதற்கென்று பிறந்த மொழி அது. பொதுத்தேவைகளுக்கு முன்னமே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை லைப்ரரி என்பர். நிரலகம் என்று நாம் வழங்குவோம். தேதியைக் காட்ட ஒன்று, எழுத்துகளைத் தட்டச்சிட ஒன்று, படங்களை அசைக்க ஒன்று என நிரலகங்கள் பலவாகப் பெருகின. ஆனால் அம்மொழி பிறந்தபோது, நிரலைப் பகுத்து வைக்க அதில் ஒரு வழியும் இல்லை. ஒரு பக்கத்தில் எத்தனை கோப்புகளைச் சேர்த்தாலும் அவற்றின் பெயர்கள் யாவும் ஒரே பொதுவெளியில் வந்து விழுந்தன.

இதனால் நேர்ந்த இடரைச் செம்பாக்கத்தில் வாழ்வோர் எளிதில் உணர்வர். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது செம்பாக்கம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம் என்னும் ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலான ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. காந்தி தெருவும் நேரு தெருவும் இல்லாத ஊர் எது? தனித்தனி ஊர்களாக இருந்தவரை "காந்தி தெரு" என்ற முகவரி போதும். எல்லாம் ஒரே மாநகராட்சியான பின், எந்தக் காந்தி தெரு என்று கேட்காமல் அஞ்சல்காரர் நகர முடியாது. ஊர்ப்பெயரைத் தெருப்பெயருக்கு முன்னே வைத்தால்தான் தெரு கிடைக்கும். புதிய மாநகராட்சியை 5 மண்டலங்களாகவும் 70 வார்டுகளாகவும் மீண்டும் பகுத்தமைக்கும் காரணம் இதுவே. ஒன்றாக்கினால் மட்டும் ஆட்சி நடவாது. ஒன்றாக்கியதை உள்ளே பகுத்தாக வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் உலகில் நிகழ்ந்த பெயர்ப்பூசல்களுள் நன்கறியப்பட்டது டாலர் குறி பற்றியது. புரோட்டோடைப் என்ற நிரலகம் டாலர் குறியைத் தன் பெயராகக் கொண்டது. 2006 இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வரியும் அதே குறியைக் கொண்டது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்தால் பின்வந்தது முன்னதை விழுங்கும். பெயரை விட்டுக்கொடுப்பதற்கென்றே ஜேக்வரியில் ஒரு கட்டளையை வைக்க வேண்டியதாயிற்று. யாஹூ நிறுவனம் 2006 இல் பொதுவில் வைத்த தன் நிரலகத்தில் வேறு வழியை மேற்கொண்டது. நிறுவனப்பெயர், அதனுள் பிரிவின் பெயர், அதனுள் கருவியின் பெயர் என அடுக்கிப் பெயரிட்டது. மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று முகவரி எழுதும் முறை அது. 2009 இல் தொடங்கிய காமன்ஜேஎஸ் முயற்சி ஒவ்வொரு கோப்பையும் தனி வீடாக்கி, வெளியே தரவேண்டியதை மட்டும் வாயிலில் வைக்கும் வழக்கத்தை நிலைநாட்டியது. 2015 இல்தான் மொழியின் இலக்கணத்திலேயே ஏற்றுமதி, இறக்குமதி என்னும் சொற்கள் இடம்பெற்றன. பிறந்து இருபதாண்டு கழித்து ஒரு மொழிக்கு ஓத்தும் படலமும் வாய்த்தன எனலாம்.

இனி நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்து மகிழத்தக்க ஒரு செய்திக்கு வருவோம். டிம் வுட் என்பவர் 2011 இல் வெளியிட்ட மொமென்ட் என்னும் நிரலகம், தேதியையும் நேரத்தையும் கையாள்வதற்கானது. ஒரு காலத்தில் மிகப்பல இணையத்தளங்கள் இதனை நம்பியிருந்தன. இதன் ஆசிரியர்கள் செய்த நல்ல செயல் ஒன்று உண்டு. தேதியைக் கணக்கிடும் பகுதியை மையத்தில் வைத்து, ஒவ்வொரு மொழிக்கும் உரிய சொற்களையும் விதிகளையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்தனர். அதனால் ஒரு மொழியை அறிந்தவர், அந்நிரலகம் முழுவதையும் கற்காமலே, தம் மொழிக்குரிய கோப்பை மட்டும் எழுதித் தர முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கும் வழக்குகளுக்கும் இவ்வாறு கோப்புகள் சேர்ந்தன. தமிழுக்கும் ஒன்று சேர்ந்தது.

அத்தமிழ்க் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு நாளை முற்பகல், பிற்பகல் என இரண்டாகவே பகுப்பர். தமிழ்க் கோப்பை எழுதியவர் அவ்வாறு செய்யவில்லை. பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு வரை வைகறை. ஆறு முதல் பத்து வரை காலை. பத்து முதல் இரண்டு வரை நண்பகல். இரண்டு முதல் ஆறு வரை எற்பாடு. ஆறு முதல் பத்து வரை மாலை. பத்து முதல் மீண்டும் இரண்டு வரை யாமம். அகப்பொருள் இலக்கணம் கூறும் சிறுபொழுது ஆறும், பத்து நாழிகைக்கு ஒன்றாக, ஒன்றும் விடாமல் அங்கே நிற்கின்றன. நெய்தல் திணைக்கு எற்பாடு என்று வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கும் அச்சொல், அன்றாட வழக்கில் மறைந்து பல நூற்றாண்டு ஆன அச்சொல், உலகெங்கும் உள்ள கணினிகளில் பிற்பகல் மூன்று மணிக்குத் திரையில் தோன்ற ஆயத்தமாகக் காத்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. எந்த மாநாடும் கூடவில்லை. தமிழுக்கென்று ஒரு சிறு அறை ஒதுக்கப்பட்டிருந்தது. சிறுபொழுதை அறிந்த ஒருவர் உள்ளே சென்று விளக்கேற்றினார்.

எற்பாடு என்னும் சொல்லை இன்றைய பயனர் புரிந்துகொள்வாரா என்பது வேறு கேள்வி. புரியாது என்றே நாம் அஞ்சுகிறோம். "எற்பாடு 3 மணி" என்று கண்டால், "ஏற்பாடு" என்பதில் எழுத்துப்பிழை என்றே பலர் எண்ணுவர். ஆயினும் இவ்வழக்கு நடக்க வேண்டிய இடம் அந்தக் கோப்பே. அதனை நடத்த வேண்டியவர் தமிழ் கற்றவரே. பழஞ்சொல் வேண்டுமா, "மதியம்", "பிற்பகல்" போன்ற வழக்குச்சொல் வேண்டுமா என வாதிட்டு முடிவு செய்ய நமக்கு உரிமையும் கடமையும் உண்டு.

அதே கோப்பில் இன்னொரு வரி இருக்கிறது. எண்ணுக்குப் பின் வரும் முறைச்சொல்லை ஆக்கும் வரி அது. எந்த எண்ணை இட்டாலும் அதன் பின்னே "வது" என்று ஒட்டிவிடும். 5 என்றால் 5வது, 20 என்றால் 20வது. ஐந்து என்பதனோடு சேர்வது "ஆவது" அன்றோ? ஐந்தாவது, இருபதாவது என்றே நாம் சொல்கிறோம். ஆகவே 5ஆவது என்று எழுதுவதே முறை எனத் தமிழாசிரியர் எவரும் சிவப்பு மையால் திருத்துவர். ஒன்று என்பதற்கோ "முதலாவது" என்னும் தனி வடிவம் வேண்டும். இதனைத் திருத்தக் கணினிப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. எந்த வரி என்று தெரிந்தால் போதும். பகுப்பு நன்றாக இருந்தமையால் அந்த வரி தனியே தெரிகிறது. தமிழ்க் கோப்பில் கைவைப்பதால் ஜப்பானிய மொழியின் தேதிக்கோ அரபு மொழியின் தேதிக்கோ ஊறு நேராது. தமிழாசிரியர் அச்சமின்றி நுழையத்தக்க வாயில் இது. இவ்வாயில் இல்லாத நிரல்களில், மொழிச்சொற்கள் கணக்கு வரிகளுக்கு இடையே சிதறிக் கிடக்கும். அங்கே ஒரு சொல்லைத் திருத்தப் போய் மாதக்கணக்கையே குலைத்துவிடுவோமோ என்று யாரும் தொட அஞ்சுவர்.

மொமென்ட் எல்லா வகையிலும் நன்கு பகுக்கப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. மொழிகளைப் பிரித்தவர்கள் மையத்தைப் பிரிக்கவில்லை. ஒரு தேதியோடு ஏழு நாளைக் கூட்ட விரும்பியவரும் மையம் முழுவதையும் சுமந்தாக வேண்டும். மேலும், கோப்புகளைக் கட்டித் தரும் வெப்பேக் போன்ற கருவிகள், தடுத்துச் சொன்னாலன்றி, மொழிக் கோப்புகள் அனைத்தையும் ஒருங்கே அள்ளிச் சென்றன. ஒரு தமிழ்ப் பக்கத்துக்காக நூறு மொழிகளின் மாதப்பெயர்கள் கைப்பேசிக்குப் பயணம் செய்தன. விரைந்த இணைப்பு உடையோர்க்கு இது பொருட்டன்று. மாதத்துக்கு இவ்வளவு எனத் தரவைக் கணக்கிட்டுச் செலவிடும் மாணவனுக்கு, பழைய கைப்பேசியில் தேர்வு முடிவு பார்க்கும் பெற்றோர்க்கு, அச்சுமையின் எடை தெரியும். 2020 செப்டம்பரில் மொமென்ட் குழுவினரே, இனிப் புதிய வளர்ச்சி இல்லை, பராமரிப்பு மட்டுமே என அறிவித்தனர். அவர்கள் கூறிய காரணங்களுள், நிரலகத்தின் பருமனும், தேவையற்ற பகுதிகளைக் கழித்துவிட முடியாத அதன் அமைப்பும் அடங்கும். டேட்-எஃப்என்எஸ் போன்ற பிற்கால நிரலகங்கள் ஒவ்வொரு செயலையும் தனிக் கோப்பாகவே வைத்தன. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதிலும் தமிழுக்குத் தனிக் கோப்பு உண்டு.

அடங்குமுறை இன்னும் செம்மையாக வாய்த்த ஒன்றனை விக்கிமீடியா நிறுவனத்தின் மொழிக்கருவிகளில் காணலாம். விக்கிப்பீடியாவில் தமிழ் முதலிய இந்திய மொழிகளைத் தட்டச்சிட நாராயம் என்ற கருவி இருந்தது. மலையாளத்தில் நாராயம் என்பது எழுத்தாணி. அது விக்கியின் மென்பொருளோடு பிணைந்திருந்தது. வேறு தளத்தார் எடுத்தாள இயலாது. 2012 ஐ ஒட்டி, கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் முதலானோர் அடங்கிய குழு இத்தகைய கருவிகளை விக்கியிலிருந்து பிரித்து நான்கு தனி நிரலகங்களாக்கியது. தட்டச்சுக்கு ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று, மொழிபெயர்ப்புச் சொற்களுக்கு ஒன்று, மொழியைத் தேர்வதற்கு ஒன்று. தட்டச்சு நிரலகத்துக்குள் விதிகள் என்றொரு பிரிவு. அதனுள் மொழிதோறும் ஓர் உட்பிரிவு. தமிழ் என்னும் உட்பிரிவுக்குள் தமிழ் 99, பாமினி, இன்ஸ்கிரிப்ட், எழுத்துப்பெயர்ப்பு என விசைப்பலகைக்கு ஒரு கோப்பு. பயனர் எதைத் தேர்கிறாரோ அந்த ஒரு கோப்பே அவர் கணினிக்கு வரும். பாமினிக்குப் பழகிய இலங்கைத் தமிழரும், 1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 இல் பயின்ற மாணவரும் ஒருவர்க்கொருவர் இடையூறின்றி ஒரே நிரலகத்தைப் பயன்படுத்துகின்றனர். சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என்று நாம் தொடக்கத்தில் கூறிய நான்கு அடுக்குகளை இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

பகுத்தல் நன்று என்றவுடன் கண்டபடி நறுக்கித் தள்ளுவதும் நன்று எனக் கருதிவிடலாகாது. 2016 மார்ச் 22 அன்று நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஒரு சொல்லின் இடப்புறத்தில் இடைவெளி நிரப்புவதற்கான பதினொரு வரி நிரல் ஒன்று, லெஃப்ட்-பேட் என்னும் பெயரில் தனிப் பொதியாக இருந்தது. ஒரு பெயர் பற்றிய சச்சரவில் மனம் கசந்த அதன் ஆசிரியர் அதனைப் பொதுக்களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அதனைச் சார்ந்து நின்றவற்றைச் சார்ந்து நின்ற பெரும் மென்பொருள்கள் பலவும் கட்டமுடியாமல் நின்றன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மீண்டும் வைக்கப்பட்டது என்றாலும், பதினொரு வரிக்காக உலகம் ஒரு முழம் தடுமாறியது உண்மை. தனிச் சூத்திரத்தை ஒரு நூலாகக் கட்டி விற்றதன் விளைவு அது. ஓத்து என்று சொன்ன ஆசிரியர் ஓரினம் என்ற அளவுகோலையும் உடன் சொல்லியிருக்கிறார் என்பதை மறத்தலாகாது. எவை சேர்ந்தே மாறுமோ அவை சேர்ந்தே இருத்தல் வேண்டும்.

பகுதிகள் ஒன்றையொன்று சாரும் திசையும் கருதத்தக்கது. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம் வழியாகக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் நீர் செல்லுதல் இப்பகுதியின் பழைய ஏரிமுறை. மேல் ஏரி கீழ் ஏரியை நோக்கியே திறக்கும். மதகு மாறினால் இரண்டு கரையும் உடையும். நிரலிலும் முதற்பகுதி இரண்டாம் பகுதியைக் கேட்டு, இரண்டாம் பகுதி மீண்டும் முதற்பகுதியையே கேட்டு நின்றால் இரண்டையும் பிரித்துச் சோதிக்க முடியாது. பெயர்தான் இரண்டு, பொருள் ஒன்றாகவே கலங்கிக் கிடக்கும்.

ஆகவே எங்கே வெட்டுவது என்னும் கேள்விக்குத் திரும்புவோம். சந்திப்பிழை திருத்தும் நிரல் ஒன்றைத் தமிழுக்கு எழுதப் புகுவதாகக் கொள்வோம். தமிழ் அறியாத நிரலர் அதனை எவ்வாறு பகுப்பார்? கசடதபவில் தொடங்கும் சொற்களுக்கு ஒரு கோப்பு, ஏனையவற்றுக்கு ஒரு கோப்பு என்பார். அன்றி, அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரு கோப்பு, விதிவிலக்குகளுக்கு ஒரு கோப்பு என்பார். இரண்டாம் ஆண்டில் விதிவிலக்குக் கோப்பு விதிக் கோப்பைவிடப் பெரிதாகிவிடும். தொல்காப்பிய எழுத்ததிகாரம் இதே வேலையை எவ்வாறு பகுத்தது என்று நோக்குவோம். புணர்ச்சியின் பொது இலக்கணம் புணரியலில். பல ஈறுகளுக்கும் பொதுவானவை தொகைமரபில். வேற்றுமை உருபோடு புணர்வது உருபியலில். பின்னர் உயிரீறு உயிர்மயங்கியலிலும், புள்ளியீறு புள்ளிமயங்கியலிலும், குற்றியலுகரம் தனியேயும் வருகின்றன. பொது முன்னே, சிறப்புப் பின்னே. பின்னது முன்னதைச் சாரும். முன்னது பின்னதைச் சாராது. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி குற்றியலுகரப் புணரியலுள் அமைந்தது கூடக் காரணத்தோடுதான்: நம் எண்ணுப்பெயர்களுள் பெரும்பாலானவை குற்றியலுகர ஈற்றன. இவ்வியல்களை அவ்வாறே கோப்புகளாக்கினால், ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதலாம், தனித்தனியே சோதிக்கலாம்.

பகுப்பு என்றும் மாறாதது என்பதும் இல்லை. பவணந்தியார் ஏறத்தாழ அதே பொருளை வேறு வகையாக வெட்டினார். ஒன்பது இயல் எழுத்ததிகாரத்தை ஐந்தாக்கினார். பதத்தின் அமைப்பைப் பதவியல் எனத் தனியே எடுத்து நிறுத்தினார். பகுபதம், பகாப்பதம், பகுதி, விகுதி என்று இன்று பள்ளி மாணவனும் சொல்கிறான் என்றால் அந்தத் தனி இயல் தந்த பயன் அது. சொல்லின் உறுப்பைப் பிரித்தறியும் கணினி நிரலுக்கு முதலில் வேண்டுவதும் அதுவே. ஆக, தமிழ் நிரலுக்கு இரண்டு பழைய வரைபடங்கள் நம் அலமாரியில் உள்ளன. எது எந்த வேலைக்கு ஏற்றது என்று தேர்ந்து சொல்லவல்லார் தமிழ்த்துறையில் இருக்கின்றனர்; கணினித்துறையில் இல்லை.

கல்லூரிகளில் நடப்பது என்ன? ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் இறுதியாண்டில் அகராதி ஒன்றோ சொல் விளையாட்டு ஒன்றோ செய்கிறார். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகளாக எழுதுகிறார். விழாவில் காட்டுகிறோம், கைதட்டுகிறோம். மே மாதத்தில் அவர் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நிறுவனமொன்றில் வேலைக்குச் செல்கிறார். ஜூனில் வரும் அடுத்த வகுப்பு மாணவருக்கு அந்தக் கோப்பு புரியவில்லை. அவர் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார். ஆண்டுதோறும் முதற்படியே ஏறிக்கொண்டிருக்கிறோம். அம்மாணவரைக் குறைகூற ஒன்றும் இல்லை. பகுத்து எழுது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கே பகுப்பது என்று சொல்லியிருக்க வேண்டிய நாம் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தோம்.

சமுதாயப் பெரியோர் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும்: இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சொன்னால் அவையே நிரலை எழுதித் தந்துவிடுகின்றனவே, நம் பிள்ளைகள் இதனைக் கற்க வேண்டுமா என்று. நியாயமான கேள்வி. எழுதித் தருகின்றன, விரைவாகவும் தருகின்றன. அவ்வாறு வந்த ஐயாயிரம் வரியில் குற்றியலுகரப் புணர்ச்சி சரியாக உள்ளதா என்று பார்ப்பவர் யார்? ஒரே கோப்பாக வந்தால் எவராலும் பார்க்க முடியாது. இயல் இயலாகக் கேட்டுப் பெற்றால், ஒவ்வோர் இயலையும் அதனை அறிந்த ஆசிரியர் ஒருவர் ஓர் அமர்வில் பார்த்துவிடலாம். எழுதுவது எளிதாகிவிட்ட இக்காலத்தில் சரிபார்ப்பதே பெருவேலை. பகுப்பு இல்லாமல் சரிபார்ப்பு இல்லை. முன்னைவிட இப்போதுதான் நம் துறைக்கு அங்கே வேலை மிகுதி.

நம் துறை முன்னே நாம் வைக்கும் கருத்து பெரியதன்று. வரும் கல்வியாண்டில் கணினித்துறையோடு கூடி, தமிழ் எண்களுக்கான சிறு நிரலகம் ஒன்றைச் செய்வோம். எண்ணைச் சொல்லாக்குதல் ஒரு பகுதி. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி அதனுள் ஓர் உட்பகுதி. முறைச்சொல் ஒரு பகுதி. நாளும் பொழுதும் ஒரு பகுதி. பகுப்பைத் தமிழ்த்துறை வரைந்து தரட்டும். நிரலைக் கணினித்துறை எழுதட்டும். ஒவ்வொரு பகுதியோடும் அது தரவேண்டிய விடைகளின் பட்டியலையும் நம் மாணவரே எழுதி வைக்கட்டும்: பத்தும் மூன்றும் பதின்மூன்று, பத்தும் இரண்டும் பன்னிரண்டு, ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு, ஐந்தோடு ஆவது சேர்ந்தால் ஐந்தாவது என்று. இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழிக்கும் எடுத்துக்காட்டுகளே அவை. விடுபவர் விட்ட இடத்திலிருந்து வருபவர் தொடங்க, ஒவ்வொரு பகுதிக்கும் அரைப்பக்க அளவில் ஒரு தமிழ் விளக்கமும் உடன் இருக்கட்டும். அரும்பொருளாக முதல் ஆண்டில் எண்ணையும் முறைச்சொல்லையும் முடித்தால் போதும். அகப்பொருள் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, பிற்பகல் மூன்று மணியை எற்பாடு என்பதா மதியம் என்பதா என்று முடிவு செய்து சொன்னதும் பொழுதுக்குரிய பகுதியைத் தொடங்கலாம்.